போகும்போது பேசக்கூடாது

தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கைக்குட்டைதான் வந்தது. மெத்தைக்கு அடியில் பார்த்தாகிவிட்டது. மருந்து டப்பா, கண்ணாடிக் கூடு, குளியலறைத் தட்டு, ஸ்குரூகளும் பியூஸ் கம்பிகளும் குவிந்து கிடக்கும் மேசை இழுப்பறை எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. அப்பாவின் பல்செட் எங்கேயும் இல்லை.

"இல்லாட்டி விடேன் அக்கா." தம்பி கதவில் சாய்ந்து போனைப் பார்த்தபடியே சொன்னான். "பொட்டிக்குள்ள இருக்கப்போறார். யாரு வாயைத் திறந்து பாக்கப்போறாங்க?"

"வாய் உள்ள போயிருச்சுடா. நீ முகத்தைப் பாத்தியா இல்லையா?"

பார்த்திருந்தான். அதனால்தான் போனுக்குள் குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் உடலைக் கழுவி உடுத்திவிடுகிற ஆள் காலையில் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். மேல்செட், கீழ்செட் இரண்டையும் வைத்தால் கன்னம் எழும்பும், முகம் பழையபடி ஆகும். ஆனால் சாயங்காலத்துக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் கஷ்டம். அங்கே படுத்திருந்தவர் அப்பாவே இல்லை, அப்பாவுடைய தாத்தா யாரோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது கூடாது.

சமையலறையில் தேடினாள். தொட்டிக்கடியில் நாயின் தட்டு இருக்கும் இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நேற்று அப்பாவோடு நடக்கப் போயிருந்த டிரைவர் மாமாதான் நாயைக் கொண்டுபோனார், தட்டையும் சேர்த்து எடுத்துப் போயிருப்பார். அதையெல்லாம் மறக்காமல் செய்கிற மனுஷன், அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. நடக்கப் போகும்போது அப்பா பல்செட்டைக் கழற்றி ஒரு பச்சை சோப்பு டப்பாவில் போட்டுக்கொள்வார். ஈறு வலிக்கிறதாம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கடிகாரம், சாவி, போன், சட்டை, பேன்ட். டப்பாவும் இல்லை, டப்பா இருக்கும் பையும் இல்லை.

"பை எங்கடா?"

"எந்தப் பை?"

"காக்கிப் பை. லிப்ட் கம்பெனியில கொடுத்தது. அது இல்லாம அவர் வாசலைத் தாண்டமாட்டார்."

"டிரைவர் மாமாவைக் கேளு. அவர்தானே கூட இருந்தார்." தம்பி போனைப் பையில் வைத்தான். கையில் போன் இல்லையென்றால் அவன் ஏதாவது சொல்லப்போகிறான் என்று அர்த்தம். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. நீ இந்த ஒரு மாசமா போன் பண்ணிப் போன் பண்ணி அவரைப் படுத்தாம இருந்திருக்கலாம். அவர் இந்த வீட்டை விட்டு எங்கயும் வர்ற ஆள் இல்ல. உனக்கே தெரியும். அதையே நெனச்சு நெனச்சு…"

மீதியை விழுங்கிவிட்டு, கடையில் மலர்வளையம் சொல்லவேண்டும் என்று வெளியே போய்விட்டான். விழுங்கியதை எல்லாம் அவள் நெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

படுத்தியது உண்மைதான். தனியாக இருக்கிறார், மாடிப்படியில் மூச்சு வாங்குகிறார், என்னோடு வந்துவிடுங்கள் என்று ஓயாமல் சொன்னாள். கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். ஒரே சிக்கல், அவள் குடியிருக்கும் கட்டிடத்தில் நாய் கூடாது. "பொத்தானை என்ன பண்றது?" என்பார் அப்பா. "யார்கிட்டயாவது விடுங்க" என்பாள். பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். முந்தாநாள் இரவு அவளுக்குப் பொறுமை போய், "வர்றீங்களா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா" என்றாள். பிறகு, "நாளைக்கு நடந்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

நடக்கத்தான் போனார். வந்து சொல்லவில்லை. வருவதாக இருந்தாரா, அல்லது இவள் தொல்லை தாங்காமல் நெஞ்சு வெடித்துத்தான் போனாரா என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவள் வேலை செய்வது குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் மேசையில். ஏன் தண்ணீர் வரவில்லை, எப்போது வரும் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பதில் வாங்கிக் கொடுக்கிறவள். தனக்கென்று ஒரு பதில் வாங்க முடியவில்லை.

*

டிரைவர் மாமா அடுத்த தெருவில் தனிக்கட்டை. கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் ஷூ போட்டபடி உட்கார்ந்திருந்தார். போட்டுக்கொண்டாரா, நேற்றிலிருந்து கழற்றவே இல்லையா, தெரியவில்லை. மேசைக் காலில் பொத்தான் கட்டப்பட்டிருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு கை நீளம்தான் இருக்கும், மூக்கு மட்டும் கறுப்பாக உருண்டையாக. லிப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா வைத்த பெயர், வேறென்ன இருக்கும். எண்ணெய்ச் சட்டியின் மூடியில் அதற்குத் தண்ணீர் வைத்திருந்தார்.

"அதோட தட்டுதான் உங்ககிட்ட இருக்கே மாமா. இதுல எதுக்கு வைக்கிறீங்க?"

"தட்டா?" என்றார். அவ்வளவுதான்.

பல்செட்டைச் சொன்னாள். பையைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொன்னாள். அவர் தரையையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பை அங்கதான் கிடக்கும்."

"அங்கன்னா?"

"வழியில."

"குளத்துக்கிட்ட உக்காந்து பேசிட்டு இருக்கும்போது சாஞ்சிட்டார்னு சொன்னீங்களே. அங்கதானே?"

எழுந்து நின்றார். நாயின் வாரை மேசைக் காலிலிருந்து அவிழ்த்து, ஏதோ சுடுவதைப் போல அவசரமாக அவள் கையில் கொடுத்தார். "நீ பிடி. வா, போகலாம்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நேரடியாகக் கேட்டாள். "என்ன பேசினார் மாமா? கடைசியா?" மாமா டிரைவர் இருக்கைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வழித்தடத்தில் அவரே பாதி வாழ்க்கை பஸ் ஓட்டியவர். "பிரேக்கை இப்படி மிதிக்கிறான் பாரு" என்றார். பொத்தான் அவள் மடியில் ஏறி, புடவையெல்லாம் முடி ஒட்டவைத்து, சன்னலில் மூக்கால் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். தார்ச் சாலை அங்கேயே முடிந்துவிட, மண்பாதை வயல்களுக்கு நடுவே போயிற்று. அறுவடை முடிந்த வயல். இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது. அவள் போட்டிருந்ததோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்ட செருப்பு. தூரத்தில் எங்கோ ஒரு டிராக்டர் கிளம்பமாட்டேன் என்று இருமிக்கொண்டிருந்தது.

"மாமா, இப்பவாவது சொல்லுங்களேன்."

அவர் பாதையில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார். திரும்பாமலேயே இடது கையைப் பின்பக்கம் நீட்டி உள்ளங்கையைக் காட்டினார். பஸ் நிரம்பிவிட்டது, அடுத்ததில் வா என்று பயணிகளிடம் காட்டுவார்களே, அதே கை.

"போகும்போது பேசறதில்ல."

"அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ள ஏற்பாடு. எனக்கு எதுக்கு?"

"இந்த வழிக்கு அப்படித்தான்."

அந்த ஏற்பாடு அவளுக்கும் தெரியும். வீட்டில் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் நடக்கத் தொடங்கிய புதிதில் போகிற வழியெல்லாம் சண்டை. மழை வருமா வராதா, அந்தப் பறவை கொக்கா நாரையா, எதற்கெடுத்தாலும் சண்டை. பாதி வழியில் ஒருவர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். போகும்போது பேச்சே கிடையாது. குளத்தங்கரைக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, திரும்பும்போதுதான் பேச்சு. அப்போது வீடு பார்த்து நடப்பதால் கோபித்துக்கொண்டு போக வேறு திசை இல்லை. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் காலம் முழுக்க இதமாகப் பேசிப் பேசி அப்பாவுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. டிரைவர் மாமாவுக்கோ, பஸ்ஸில் பின்னால் எவன் ஏறுகிறான், எவன் இறங்குகிறான் என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தது. அதனால் மாமா முன்னால், திரும்பிப் பார்க்காமல். அப்பா பின்னால், பேசாமல், பல்லும் இல்லாமல். பொத்தான் அப்பாவோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இப்படி ஊர்வலம் போய் வருவதற்கு அவர்கள் வைத்த பெயர் உடற்பயிற்சி.

கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அந்த வேடிக்கைக்குப் பின்னால் சேற்றில் நடக்கும்போது பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் செத்துக் கிடக்கிறார், இன்னும் என்ன ஒப்பந்தம்? மாமாவின் முதுகைப் பார்த்தபடியே நடந்தாள். அகலமான முதுகு, சட்டைக் காலருக்கு மேல் வெயிலில் கறுத்த கழுத்து. அந்தக் கழுத்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் அசையவில்லை.

பொத்தானுக்கு அவசரமே இல்லை. வேலிக் கம்பு ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் மோந்து, யோசித்து, காலைத் தூக்கி, பிறகும் யோசித்தது. போன் அடித்தது. தம்பி.

"நீலச் சட்டையா, வெள்ளையா?"

"எது இஸ்திரி போட்டிருக்கோ அது."

"ரெண்டும் போடல."

"அப்ப போட்டு வை! உனக்குக் கையில்லையா?"

கம்பி வேலிக்கு நடுவே ஒரு இரும்புக் கதவு. மாமா அதைத் தூக்கித் தள்ளித் திறந்து, உள்ளே போய், இவளுக்காகத் திறந்து வைத்துவிட்டு நடந்தார். அதைச் சாத்தித் தாழ்போட அவள் பட்ட பாட்டில் கை நகம் ஒன்று பிய்ந்தது. "இதைச் சாத்தறதுக்காவது நிக்கமாட்டீங்களா?" என்று கத்தினாள். கழுத்து அசையவில்லை. எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. நேற்றிலிருந்து அழாதவள், ஒரு கதவுத் தாழ்ப்பாளுக்கு அழுவதா என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

பாதை ஒரு சாய்ந்த மரத்தின் கீழே வளைந்தது. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் புதர் மண்டிய ஓடைப் பள்ளம். அங்கே வந்ததும் பொத்தான் நின்றுவிட்டது. இது மோந்து பார்க்கிற நிற்றல் இல்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, கழுத்துப் பட்டை காது வரை ஏற, பள்ளத்துப் பக்கமாக இழுத்தது. இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு பலம் எங்கே வைத்திருந்தது என்று தெரியவில்லை.

"வா."

வரவில்லை. குரைத்தது. மாமாவின் நடை சட்டென்று வேகமானதை அவள் கவனித்தாள். ஏறக்குறைய ஓடினார்.

"வா சனியனே, நீ வேற என் உயிரை வாங்காத." வாரைச் சுண்டி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு சேற்றில் கோடு போட்டபடி வந்தது. மறுபடி திரும்பி இழுத்தது. கடைசியில் குனிந்து அதை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அது அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. புடவை முழுக்கச் சேறு.

*

குளத்தங்கரையில் ஆடு மேய்ந்து மொட்டையாக்கிய புல்தரை, நடுவே ஒரு தட்டையான கல். மாமா கல்லுக்கு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் நாயை இறக்கிவிட்டுத் தேடத் தொடங்கினாள். கல்லைச் சுற்றிப் பார்த்தாள். நாணலை விலக்கிப் பார்த்தாள். தண்ணீரின் ஓரம்வரை இறங்கிப் பார்த்தாள். முட்டை ஓடுகள் கிடந்தன, ரொட்டி சுற்றிய தாள் கிடந்தது. பை இல்லை.

"இங்க இல்லையே மாமா."

அவர் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்கதானே உக்காந்திருந்தீங்க? இங்கதானே சாஞ்சார்? பை நடந்தா போயிருக்கும்?" அடக்கி வைத்ததெல்லாம் ஒட்டுமொத்தமாக வந்தது. "நேத்துலேர்ந்து கேக்கறேன். கூட இருந்தது நீங்க ஒருத்தர். எனக்கு ஒரு பதில் சொல்றேன்னுதான் அவர் கிளம்பினார். கண்டிப்பா உங்ககிட்ட அதைப் பேசியிருப்பார். வர்றேன்னாரா, வரமாட்டேன்னாரா? இல்ல, என்னைத் திட்டினாரா? திட்டியிருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க. என் தம்பி நான்தான் அவரைக் கொன்னேன்கிறான். நீங்க என்னடான்னா வாயில பூட்டைப் போட்டுட்டு எனக்குக் கையைக் காட்டறீங்க. உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

மாமா குளத்தைப் பார்த்து நின்றவர், திரும்பி, வந்த பாதையைப் பார்த்து நின்றார்.

"இப்ப பேசலாம்" என்றார். "அவன் இங்க வரவே இல்லம்மா."

"என்ன?"

"நேத்து அவன் இந்தக் கல்லுக்கு வரவே இல்ல. உக்காந்து பேசிட்டு இருந்தோம்னு நான் சொன்னது பொய்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் நாயை என் கையில கொடுத்தான். இன்னிக்கு நீ பிடின்னான். இத்தனை வருஷத்துல ஒரு நாள் கொடுத்ததில்ல, நான் தொட்டாலே அவனுக்குப் பிடிக்காது. ஏன்டான்னு கேட்டேன். திரும்பும்போது சொல்றேன், இப்ப நடன்னுட்டுப் பல்லைக் கழட்டிட்டான்." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்தச் சாஞ்ச மரம் இருக்கே, அதைத் தாண்டினதும் இது பின்னால இழுத்துச்சு. ஒரே கத்தல். நான் என்ன நெனச்சேன், அவன்கிட்டப் போகணும்னு அடம் பிடிக்குதுன்னு நெனச்சேன். அவன் பின்னால நின்னு சிரிச்சுட்டிருப்பான், ஒரு நாயைப் பிடிக்கத் தெரியல இவனுக்குன்னு. அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டினவனுக்கு இது ஓடமாட்டேங்குதேன்னு எனக்கு வீம்பு. திரும்பிப் பாத்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும். அதனால பாக்கல. இழுத்துக்கிட்டே வந்தேன். தரதரன்னு. இங்க வரைக்கும்."

"அப்புறம்?"

"உக்காந்தேன். எங்கயாவது ஒதுங்கியிருப்பான்னு நெனச்சேன். பசிச்சுது." கல்லடியில் கிடந்த முட்டை ஓட்டைக் காலால் தள்ளினார். "முட்டையை உரிச்சுத் தின்னேன்மா. அவன் அங்க கிடக்கறான், நான் இங்க உக்காந்து உப்பைத் தொட்டுத் தொட்டு முட்டை தின்னுட்டிருந்தேன்."

அவரை அறையவேண்டும் போல இருந்தது அவளுக்கு. உண்மையிலேயே கை எழுந்தது. வயதான மனுஷன், கன்னத்தில் வெள்ளை முடி சவரம் பண்ணாமல் முளைத்திருந்தது. எழுந்த கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்திருந்தா…"

"டாக்டரைக் கேட்டேன். விழும்போதே போயிருச்சாம். நான் அந்த நிமிஷம் திரும்பியிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். டாக்டர் சொல்லிட்டார். அவருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவார்." குளத்தை நோக்கிக் காறித் துப்பினார். "நீ அவன் என்ன பேசினான்னு கேக்கறே. ஒண்ணும் பேசல. பேச வேண்டியதெல்லாம் திரும்பும்போதுக்குன்னு வச்சிருந்தான்."

ஆக, பதிலே கிடையாது. அவள் கல்லில் உட்கார்ந்தாள். எதற்கு இத்தனை தூரம் வந்தோம் என்றிருந்தது. பல்லும் இல்லை, பதிலும் இல்லை. பொத்தான் வாரைத் தரையில் இழுத்துக்கொண்டு பாதையின் தொடக்கத்தில் போய் நின்று, இவர்களைப் பார்த்து ஒரு முறை குரைத்தது. பொறுமையில்லாத குரைப்பு.

அதைப் பார்த்ததும் அவளுக்கு, வரும்போது தன் கையில் அது இழுத்த இழுப்பு ஞாபகம் வந்தது. தானும் அதையேதான் செய்திருக்கிறோம். சனியனே என்று வேறு சொன்னோம்.

"அந்த மரத்துக்கிட்டதான் விழுந்தாரா மாமா?"

"ஆமா. ஓடைப் பக்கமா."

"அதைத் தாண்டும்போது ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இன்னிக்கு நான் அந்த இடத்தைப் பாக்கக்கூட இல்ல."

*

இந்த முறை நாயை அவள் இழுக்கவில்லை. வாரை விட்டுவிட்டாள். சாய்ந்த மரத்தடியில் பொத்தான் பள்ளத்துக்குள் குதித்தது. கிளைகள் ஒடிந்து, பலருடைய கால் மிதித்துச் சேறாகிக் கிடந்த இடத்தைத் தாண்டி, அதற்கும் கீழே முட்புதருக்குள் போய் மறைந்தது. வால் மட்டும் தெரிந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கையெல்லாம் முள் கீறியது. புதருக்கடியில் காக்கிப் பை கிடந்தது. விழுந்த வேகத்தில் உருண்டிருக்கும். தூக்கிப் போக வந்தவர்கள் கண்ணில் படவில்லை. பையின் வாய் திறந்திருக்க, பொத்தான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது.

மேலே ஏறி வந்து பையைப் பாதையில் வைத்தாள். முதலில் தண்ணீர் பாட்டில். அப்புறம் பச்சை சோப்பு டப்பா. திறந்தாள். ஈரத் துணியில் சுற்றி இரண்டு வரிசைப் பற்கள், பேசக் காத்திருந்தபடி அப்படியே இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அப்பாவின் பங்கு ரொட்டியும் முட்டையும் ஒரு தாளில் இருந்தன. அதைப் பார்த்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பை இன்னும் கனத்தது. கையை உள்ளே விட்டாள். நசுங்கிய எவர்சில்வர் தட்டு வந்தது. வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கடியில் இருக்கும் தட்டு. அதற்குக் கீழே, பொத்தான் படுத்துக்கொள்ளும் அப்பாவின் கிழிந்த பழைய ஸ்வெட்டர், ஒழுங்காக மடித்து. அதற்குள் முடி சீவுகிற பிரஷ். பொத்தான் ஸ்வெட்டரின் கையைக் கவ்வி இழுத்து, சேற்றில் போட்டு, அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"இதையெல்லாம் எதுக்கு இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தான்?" என்றார் மாமா. "வீட்டுல வைக்கிற சாமான்…"

கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். நேற்று வாரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"உங்க கட்டிடத்துல நாய் கூடாதுல்ல?"

"கூடாது மாமா."

அவர் மெல்ல வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினார். "பழகிப் பாக்கட்டும்னு கொடுத்திருக்கான். என்னை ஒரு வார்த்தை கேக்காமலே சாமானையும் கட்டிட்டான் பாரு." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டியிருப்பேன். அப்புறம் வாங்கியிருப்பேன். அவனுக்கும் அது தெரியும்."

அப்பா வருவதாகத்தான் இருந்தார் என்று தெரிந்தால் மனசு ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. கோபம்தான் வந்தது. முந்தாநாள் ராத்திரி கேட்டபோதே சொல்லித் தொலைத்திருக்கலாம். வர்றேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு நாயை முதலில் ஏற்பாடு பண்ணவேண்டும், இவரிடம் சண்டை போட்டு முடிக்கவேண்டும், எல்லாம் சரியான பிறகுதான் மகளிடம் வாயைத் திறக்கவேண்டும். இப்படியும் ஒரு மனுஷன். வாங்கிப் போட்ட கட்டில் ஞாபகம் வந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் பிரிக்கவில்லை, வரமாட்டார் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மாமா பக்கத்தில் குந்தி, ரொட்டித் தாளைப் பிரித்து, முட்டையைப் பிட்டுப் பிட்டு நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

"கெடைச்சுதா?" என்றான் தம்பி. "அந்த ஆள் மறுபடி கேட்டார்."

"கெடைச்சுது. வந்துட்டிருக்கேன்."

"டிரைவர் மாமா ஏதாவது சொன்னாரா?"

அவள் தட்டைப் பைக்குள் வைத்தாள். "வந்து சொல்றேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. அவசரமாகப் போனை மறுபடி காதில் வைத்து, "டேய், இரு, வச்சிராத," என்றாள். "அப்பா வர்றதா இருந்தார்டா. என் வீட்டுக்கு. பொத்தானை மாமாகிட்ட விட்டுட்டு."

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. "அப்படியா" என்றான் தம்பி. பிறகு, "நீலச் சட்டையே போட்டுரலாம்" என்றான்.

கிளம்பினார்கள். மாமா ஸ்வெட்டரை உதறி மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாரை அவரே எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பழக்கம் போல முன்னால் நடந்தார். திரும்பும்போது பேசலாம்; ஆனால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. பை அவள் தோளில் இருந்தது. நடையின் ஒவ்வொரு அசைவுக்கும் சோப்பு டப்பா தட்டில் இடித்துக்கொண்டது.

சாய்ந்த மரத்தைத் தாண்டியதும் மாமா நின்று திரும்பிப் பார்த்தார். அவள் வந்துகொண்டிருந்தாள். நடந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்று பார்த்தார். இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் தாண்டும்வரை நின்று, அவரே தாழ்ப்பாளைப் போட்டார். பிறகும் நாலு எட்டுக்கு ஒரு தரம் அந்தக் கழுத்து திரும்பியது. பொத்தானும் கூடவே நின்று திரும்பிப் பார்த்தது. இப்படி நின்று நின்று போனால் பஸ் போய்விடும், இருட்டிவிடும், அந்த ஆள் காத்திருக்கமாட்டார்.

"வர்றேன் மாமா," என்றாள் எரிச்சலோடு. "நீங்க நடங்க."

நடந்தார். வேலி முடிகிற இடத்தில் மறுபடி திரும்பினார்.